நெடுஞ்சாலையில் சார்ஜர் இருக்கிறது, சார்ஜ் ஏறுமா?

11 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மின்சாரக் காரில் போகலாமா என்று வீட்டில் பேச்சு. மேப்பைத் திறந்தால் திண்டிவனத்தில் தொடங்கி கயத்தாறு வரைக்கும் சார்ஜர் புள்ளிகள் பச்சைப் பசேலென்று தெரிகின்றன. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்கிற ரேஞ்ச் பயமெல்லாம் பழைய கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

12 ஜனவரி

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பச்சைப் புள்ளிகளை நம்பிப் போகாதீர்கள். அது சார்ஜர் நட்டு வைத்திருக்கிற இடம், அவ்வளவுதான். நீங்கள் போய் நிற்கிற நேரத்தில் அதில் சார்ஜ் ஏறுமா என்பது வேறு சங்கதி.

பச்சை எப்படி வருகிறது என்று பாருங்கள். சார்ஜருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அது சில நிமிடத்துக்கு ஒருமுறை கம்பெனியின் சர்வருக்கு "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் ஆப் பச்சை காட்டுகிறது. உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பவர் மாட்யூல் போயிருந்தாலும், காரில் மாட்டுகிற கன்னின் முனை உடைந்திருந்தாலும், எதிரில் ஒரு டெம்போ டிராவலர் நின்று டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் பச்சை பச்சைதான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிம்முக்கு சிக்னல் இல்லையென்றால் நல்ல சார்ஜரும் சாம்பல் நிறமாகத் தெரியும்.

12 ஜனவரி, இரவு

என்ன வண்டி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் எதற்கு, சுமார் 40 கிலோவாட் ஹவர், அதாவது 40 யூனிட் பேட்டரி. நாலு பேரோடு ஏசி போட்டு 90-ல் போனால் 260 கி.மீ. வாக்கில் கொடுக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பேசி என்ன ஆகப்போகிறது?

20 ஜனவரி

ஊருக்குப் போய் வந்தாயிற்று. கேள்வி கேட்ட நண்பரும் போய்ச் சேர்ந்தாராம், சந்தோஷம். போகும்போது வழக்கமான பயணம்தான். திரும்பி வரும்போதுதான் திருவிழா.

விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் வளாகம். போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கிறது, இரண்டு கன். நான் போனபோது ஒன்றில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த கன்னை நான் மாட்டினேன். அடுத்த நொடி அந்த வண்டிக்காரர் இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவருக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது முப்பதாக இறங்கிவிட்டது. இரண்டு கன்னிலும் வண்டி நின்றால் 60 என்பது 30-30 ஆகப் பிரிந்துவிடும், அதைத்தான் பெரிய எழுத்தில் 60 என்று எழுதிவைக்கிறார்கள். என் பேட்டரிக்கு 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 யூனிட் வேண்டும். 45 கிலோவாட்டில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல், 30-ல் முக்கால் மணியைத் தாண்டும். எனக்குப் பின்னால் நாலு வண்டி. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. பெட்ரோல் பங்கில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், யார் அடுத்தது என்பதில் சண்டையே வராது. இங்கே ஒருவர் மரத்தடியில் நிற்பார், இன்னொருவர் ஹோட்டல் வாசலில் நிற்பார், மூன்றாமவர் நேராக வந்து கன் பக்கத்தில் நுழைப்பார். கடைசியில் வாட்ச்மேன்தான் பஞ்சாயத்து. ஒரு அட்டையின் பின்பக்கம் வண்டி எண்களை எழுதி வைத்துக்கொண்டு "சார், அந்த வெள்ளை வண்டி முடிஞ்சதும் நீங்க, அதுக்கப்புறம்தான் கேரளா வண்டி" என்று நடத்தினார். அவருக்கு அந்தக் கம்பெனி ஒரு பைசா கொடுப்பதில்லையாம், ஹோட்டல் சம்பளம்தான். அந்த வளாகத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சிஸ்டம் அந்த அட்டை.

21 ஜனவரி

100 சதவீதம் வரை ஏற்றுகிறவர்களைத் திட்டாதே என்கிறார் மதுரை நண்பர். திட்டவில்லை. அடுத்த சார்ஜர் ஓடுமா என்று தெரியாதவன் 80-ல் கழற்றுவானா? நானும் கழற்ற மாட்டேன். 80-க்கு மேல் வேகம் பாதிக்கும் கீழே போகும், கடைசி இருபதுக்கு முதல் அறுபதுக்கு ஆன நேரமே ஆகும். எல்லோரும் பயத்தில் நிரப்புகிறார்கள், அதனால் வரிசை நீள்கிறது, அதைப் பார்த்து இன்னும் பயம். சார்ஜர் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இந்தப் பயம் தீராது என்பது என் வாதம்.

9 பிப்ரவரி

"இந்தியாவில்தான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் பக்கா" என்று எழுதியவருக்கு.

2022-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுக்க ஆளனுப்பி, பொதுவில் இருந்த சிசிஎஸ் என்ற கன் வகை வேக சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 657 கன். சோதனை ரொம்ப எளிது: காசு கட்டு, மாட்டு, இரண்டு நிமிடம் ஏறுகிறதா பார். ஓடியது 72.5 சதவீதம். இதே கம்பெனிகள் தங்கள் சார்ஜர்கள் 95 முதல் 98 சதவீத நேரம் இயங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. திரை செத்தது, கார்டு ரீடர் வாங்காதது, நெட்வொர்க் போனது, கன் உடைந்தது என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. கிட்டத்தட்ட 5 சதவீதத்தில் கேபிள் காருக்கு எட்டவே இல்லை! உலகின் பெரிய மென்பொருள் கம்பெனிகள் குடியிருக்கிற ஊர் அது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் பின்குறிப்பு மாதிரியான ஒரு தகவல். ஒரு வாரம் கழித்து அதில் பத்தில் ஒரு பங்கை மறுபடி போய்ப் பார்த்தார்கள். நிலைமை மொத்தத்தில் அப்படியே இருந்தது. அதாவது பழுதானதைவிட, அது யார் கண்ணிலும் படாமல் கிடந்ததுதான் பிரச்சினை.

அப்புறம் 98 சதவீதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சார்ஜர் சர்வரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அப்படித்தான் வரும். மேலே ஜனவரியில் எழுதிய பச்சைப் புள்ளியேதான்.

10 பிப்ரவரி

சட்டம் போட்டால் சரியாகுமா என்று கேட்டால், பாதி சரியாகும். பிரிட்டனில் 2023-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர் வைத்திருக்கும் நெட்வொர்க் ஆண்டு சராசரியில் 99 சதவீதம் ஓட வேண்டும், கார்டைத் தட்டினால் காசு போக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து அமல். அமெரிக்காவில் அரசு மானியம் வாங்கிய சார்ஜருக்கு 97. ஆனால் அந்த அமெரிக்கக் கணக்கில் கம்பெனியின் கைமீறிய காரணங்களைக் கழித்துக்கொள்ளலாம். நம்மூரில் அப்படிக் கழிக்க விட்டால் கரண்ட் கட்டைக் கழித்தே தேர்ச்சி பெற்றுவிடுவார்கள்.

2 மார்ச்

நமது விதி என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நம்முடையது பெரும்பாலும் தூரக் கணக்கு. 2018-ல் மின் அமைச்சகம் சார்ஜிங் என்பது மின்சார விற்பனை அல்ல, சேவை, அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நல்ல முடிவு, அதனால்தான் டீக்கடைக்காரரும் சார்ஜர் வைக்க முடிகிறது. அந்த ஆண்டுக் கடைசியில் வந்த வழிகாட்டுதலில் நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒன்று, நகரத்தில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று. 2024 செப்டம்பரில் அதை 20 கி.மீ. ஆக்கி, நகரத்தில் 2030-க்குள் 1 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று என்று இறுக்கினார்கள். நாடு முழுக்கப் பொது சார்ஜிங் நிலையங்கள் 2024 முடிவில் 25,000-ஐத் தாண்டிவிட்டன. ஐயாயிரத்துக்கு மேல் கர்நாடகத்தில் மட்டும். தமிழ்நாட்டில் அதில் பாதிகூட இல்லை.

சரி, எண்ணிக்கை ஏறுகிறது. பழுதானால் யார் வருவது? இங்கேதான் கதையே.

இடம் ஹோட்டல்காரருடையது. மின் இணைப்பு மின்வாரியத்துடையது. பெட்டியைச் செய்தவர் ஒரு கம்பெனி. அதை நடத்துகிற ஆப் இன்னொரு கம்பெனி. மானியம் கொடுத்தது அரசு. மானியம் பெட்டி நட்டதோடு முடிந்துபோகிறது. எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கும் 2023 மார்ச்சில் 7,432 வேக சார்ஜர் வைக்க 800 கோடி ஒதுக்கினார்கள். பெட்ரோல் பங்க் போன்ற நல்ல இடம் வேறு கிடையாது, கழிப்பறை உண்டு, வெளிச்சம் உண்டு, இரவில் ஆள் உண்டு. ஆனால் பங்க் பையனிடம் சார்ஜர் ஓடலை என்று சொன்னால் "அது எங்களது இல்ல சார், அதுல நம்பர் இருக்கும் பாருங்க" என்பான். அந்த எண்ணில் கூப்பிட்டால் வேறு மாநிலத்தில் ஒருவர் எடுத்து, ரீஸ்டார்ட் செய்கிறேன் லைனில் இருங்கள் என்பார். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாபாரக் கணக்கையும் பாருங்கள். 60 கிலோவாட் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட் விற்கலாம். நாளைக்கு ஐந்து வண்டி வந்து தலைக்கு 20 யூனிட் ஏற்றினால் 100 யூனிட், ஏழு சதவீதம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்தால் நாளைக்கு 800 ரூபாய். அதில் வாடகை, இணைய இணைப்பு, வாங்கிய கடனுக்கு வட்டி. இதில் பெரம்பலூருக்கு ஒரு டெக்னீஷியனை வண்டி வைத்து அனுப்புகிறவர் எப்படி அனுப்புவார்? பத்து பழுது சேரட்டும், ஒரே நடையாகப் போய் வரலாம் என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்வது சுலபம், ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

3 மார்ச்

"அப்போ விலையை ஏற்றச் சொல்கிறாயா?" இல்லையப்பா. இப்போதே பல இடத்தில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல், அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி. காருக்கு 5 சதவீதம், அந்தக் கார் குடிக்கிற மின்சாரத்துக்கு 18.

13 ஏப்ரல்

சித்திரைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. "சார்ஜர் கெட்டுப்போச்சு" என்று திரும்பி வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை, என் அனுபவத்தில்.

முதலில் சிவப்புக் குமிழ். எமர்ஜென்சி பட்டன். குழந்தைகள் அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், சிவப்பாக உருண்டையாக இருந்தால் யாருக்குத்தான் கை வராது. அமுங்கியே இருக்கும், திரையில் ஏதோ பிழை எண் ஓடும். கடிகாரச் சுற்றில் திருகினால் வெளியே துள்ளி வரும். சில பெட்டி அதோடு எழுந்துவிடும், சிலதற்கு கஸ்டமர் கேர் ரீஸ்டார்ட் தட்ட வேண்டும்.

அடுத்தது கன் தொங்குவது. சிசிஎஸ்2 கன்னில் கீழே இரண்டு தடித்த பின், அதில்தான் கரண்ட் வருகிறது. மேலே வட்டத்துக்குள் இருக்கிற சின்ன பின்களில் இரண்டு வழியாகத்தான் காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன: உன் பேட்டரி எத்தனை வோல்ட், எவ்வளவு தாங்குவாய், சரி தொடங்கலாமா என்று. கேபிள் கனம் இழுத்துக் கன் லேசாகக் கீழே சாய்ந்தால் அந்தப் பேச்சு பாதியில் அறுந்துவிடும். திரை "தயாராகிறது" என்பதிலேயே நின்று, பிழை என்று கைவிரிக்கும். மாட்டியதும் கைப்பிடியை மேல்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். பூட்டு கிர்ரென்று விழும், சற்று நேரத்தில் உள்ளே 'டக்' என்று கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் சேரும், ஃபேன் சத்தம் எழும்பும். அந்த ஃபேன் சத்தம் கேட்ட பிறகு கையை எடுக்கலாம். என் மனைவி இதை ஆம்பியர் தியானம் என்று கேலி செய்வாள்.

மழை நாளில் இன்னொன்று. கரண்ட் விடுவதற்கு முன் கேபிளில் கசிவு இருக்கிறதா என்று சார்ஜர் தானே சோதிக்கும். கன் முனையில் ஈரம் இருந்தால் அதில் தோற்கும். அது பழுது இல்லை, உங்களைக் காப்பாற்றுகிறது. உதறிவிட்டு, பக்கத்துக் கன்னைப் பாருங்கள். துணியை உள்ளே விட்டுத் துடைக்கிற வேலை வேண்டாம்.

18 மே

சமயபுரம் தாண்டி, உச்சி வெயில், 60 என்று போட்ட சார்ஜர் எனக்கு ஒருவனுக்கே 22-ல் ஓடுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. பேட்டரி சூடா என்று பார்த்தேன், கார் அப்படிச் சொல்லவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் காற்று இழுக்கும் வலையில் விரல் வைத்தால் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. உள்ளே காற்றுப் போகாவிட்டால் சார்ஜர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ், பத்து நிமிட வேலை. ஆப்பில் இதுவும் பச்சைதான். ஓடுகிறதே!

1 ஜூன்

ஒரே ஆப் வரப்போகிறது என்ற செய்தியைப் பகிர்ந்தவருக்கு: ஆமாம், மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) நிறுவனத்திடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த நெட்வொர்க்காக இருந்தாலும் ஒரே இடத்தில் தேடலாம், ஸ்லாட் பிடிக்கலாம், காசு கட்டலாம் என்கிறார்கள். அந்தத் திட்டத்தில் சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி.

வரட்டும். என் போனில் ஒரு ஃபோல்டர் முழுக்கச் சார்ஜிங் ஆப்தான், ஒவ்வொன்றின் வாலெட்டிலும் நூறும் எழுபதுமாகப் பணம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஓடிபி வராமல் வெயிலில் போனை ஆட்டிக்கொண்டு நின்றவர்கள் இங்கே எத்தனை பேர், கை தூக்குங்கள். இளநீர்க் கடையில் கியூஆர் அட்டை தொங்குகிற நாட்டில் சார்ஜருக்கு மட்டும் ஏன் வாலெட்?

2 ஜூன்

யோசித்துப் பார்த்தால் வாலெட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எத்தனை யூனிட் ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது, ஏற்றிவிட்டுக் காசு கொடுக்காமல் போனால் பிடிக்க ஆள் இல்லை. முன்பணம் வாங்கி மீதியைத் திருப்பிவிடுகிற முறையில் யுபிஐ வைத்த பெட்டிகளைக் கண்டிருக்கிறேன், அது நன்றாகவே வேலை செய்கிறது. மீதி அன்று மாலையே வந்துவிட்டது.

ஆனால் ஒரே ஆப்பானாலும் அது காட்டப்போவது அதே பழைய பச்சையைத்தானே. அதில் எனக்கு ஒரே ஒரு வரி போதும்: இந்தக் கன்னில் கடைசியாக எப்போது, எவ்வளவு வேகத்தில் ஏறியது. "இன்று காலை 11:40, 46 கிலோவாட்" என்று இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன். "நாலு நாளைக்கு முன்" என்றால் அடுத்ததைப் பார்ப்பேன். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். பில் போடுகிற சர்வரில் இந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது. வெளியே காட்டத்தான் மனசில்லை.

22 ஜூன்

ஸ்கூட்டர்காரர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், கார் கதையாகவே போகிறது என்று. நியாயம்தான். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாட்டுக்கே மின்சார ஸ்கூட்டர் செய்து அனுப்புகிறோம், ஆனால் வேகமாக ஏற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கன். ஏதர் கம்பெனி தன்னுடைய கன் வடிவத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டு, இந்தியத் தர நிறுவனமும் அதை ஒரு தரமாக ஏற்றுக்கொண்டது. ஹீரோவின் விடா அதையே எடுத்துக்கொண்டது. மற்றவர்களில் பலர் இன்னும் தனி வழி.

கேரளத்தில் மின்வாரியமே மின்கம்பத்தில் சின்ன சார்ஜரை மாட்டியது, ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும். பெட்டி வைக்கத் தனி இடம் தேட வேண்டாம், இணைப்புக்கு அலைய வேண்டாம், எளிமையான யோசனை. ஆனால் மூணாறு போகிற வழியில் நான் பார்த்த சில கம்பங்களின் கீழே பைக்குகள் நிறுத்திவைத்து யாரும் கிட்டப் போக முடியாதபடி இருந்தது. இடம் ஒதுக்காமல் கம்பத்தில் மட்டும் மாட்டினால் இப்படித்தான்.

அடுக்குமாடி அசோசியேஷன் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தீபாவளி வரைக்கும் ஓடும்.

26 அக்டோபர்

தீபாவளியும் முடிந்தது. ஜனவரியில் இதைத் தொடங்கிய நண்பர் "ரேஞ்ச் பயம் பழைய கதை என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்கிறார்.

சாலை மாறியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. நாலு, ஆறு கன் உள்ள வளாகங்கள் வந்துவிட்டன. என்னைக் கேட்டால் பத்து இடத்தில் ஒவ்வொரு பெட்டி வைப்பதைவிட இரண்டு இடத்தில் ஐந்தைந்து வைப்பது மேல். ஒன்று படுத்தாலும் நாலு நிற்கும், அங்கே ஒரு ஆளை நிரந்தரமாக உட்கார வைக்கவும் கட்டுப்படியாகும். 20 கி.மீ.க்கு ஒன்று என்ற விதி இதற்கு உதவாது. தூரத்தை அளக்கிற விதி தனித்தனிப் பெட்டிகளைத்தான் பெற்றுப்போடும், தனியாக நிற்கிற பெட்டிதான் முதலில் சாகிறது.

அப்புறம் விலை. பகல் 9 முதல் 4 வரை மின்வாரியம் நிலையங்களுக்குக் கொடுக்கும் மின்சாரம், சராசரி அடக்கவிலையில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று 2024 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நான் ஏற்றிய இடங்களில் பகலில் விலை குறைந்து பார்த்தது அபூர்வம். குறைத்தால் கூட்டமும் பிரியும்.

27 அக்டோபர்

கன் கழறாமல் மாட்டிக்கொண்டது என்று துவரங்குறிச்சிப் பக்கமிருந்து இன்று காலை கேட்டவருக்கு: பதறாமல் முதலில் ஆப்பில் ஸ்டாப் கொடுத்தீர்களா பாருங்கள். பிறகு காரை ஒருமுறை பூட்டித் திறந்து, கைப்பிடியைக் காரின் பக்கம் அழுத்தியபடியே இழுங்கள். அதற்கும் வராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் சார்ஜிங் பூட்டை விடுவிக்கக் கையால் இழுக்கும் கயிறு ஒன்று இருக்கும். பானெட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ, உங்கள் வண்டிக்கு எங்கே என்று மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். சுத்தியல் வேண்டாம்.